பிள்ளைகள் இருக்கிற வீடு எத்தனை? சுங்கை சிப்புட் தோட்டப் பக்கத்துக் கணக்கு

கேள்வி: கிள்ளான் வாசகி, 9 மார்ச் 2024, மாலை 4:12

கல்லூரிப் பாடத்துக்காகக் கிராமப்புறத்தில் பிள்ளைகள் உள்ள குடும்பங்களைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அம்மா மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர் என்பதால் அந்த ஊரையே எடுத்துக்கொண்டேன். வீட்டில் கேட்டால், "அங்கே ஏது பிள்ளைங்க, கிழவன் கிழவி மட்டும்தான்" என்கிறார்கள். உண்மையா? பத்து வீட்டுக்கு எத்தனை வீட்டில் 18 வயதுக்குக் கீழே ஒரு பிள்ளையாவது இருக்கும்? அங்கேயே குடியிருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வேன்காரர், 9 மார்ச் 2024, இரவு 10:40

உண்மைதான். 2001லிருந்து தமிழ்ப்பள்ளிக்கு வேன் ஓட்டுகிறேன். அந்த வருஷம் 31 பிள்ளைகள், இரண்டு நடை. இப்போது 14, ஒரே நடை. பின் சீட்டில் பைகள்தான் உட்கார்ந்து வருகின்றன. யாரும் பிள்ளை பெற்றுக்கொள்வதில்லை, அவ்வளவுதான் காரணம். உங்கள் பாடத்துக்கு இது போதும்.

வேன்காரர், 11 மார்ச் 2024, பிற்பகல் 2:15

இன்று பள்ளி திறந்தது. முந்தாநாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். பத்துக்கு எத்தனை என்று கேட்ட பெண்ணுக்கு நான் பதிலே சொல்லவில்லை, புலம்பி வைத்திருக்கிறேன். அதனால் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, சட்டைப் பையில் 555 என்கிற சின்னக் குறிப்புப் புத்தகத்தோடு நடந்தே போய் எண்ணிவிட்டு வந்தேன்.

எண்ணியது இரண்டு இடம். ஒன்று பழைய லயம், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, 20 கதவு. இன்னொன்று அங்கிருந்து ஒன்றரை மைல் தள்ளி மெயின்ரோட்டு ஓரமாக உள்ள மலிவு விலைத் தாமான் (குடியிருப்பு), 38 வீடு. தோட்டத்தை விட்டு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் இருக்கிறோம். என் வீடும் இங்கேதான்.

லயத்தில் 9 கதவில் வெளிநாட்டு ஆட்கள். 4 கதவு பூட்டிக் கிடக்கிறது, ஒன்றில் வாசல்படியிலேயே பப்பாளி மரம் நிற்கிறது. மிச்சம் 7 கதவு நம்மவர்கள், அதில் பிள்ளை உள்ளது 3. தாமானில் 2 வீடு பூட்டு. மற்ற 36இல் பிள்ளை உள்ளது 16. வெளிநாட்டு ஆட்களையும் பூட்டிய வீடுகளையும் தள்ளினால் 43 வீட்டுக்கு 19. பத்துக்கு நாலரை.

பத்துக்கு இரண்டு என்று பந்தயமே கட்டியிருப்பேன். நல்ல வேளை யாரும் கேட்கவில்லை.

வேன்காரர், 11 மார்ச் 2024, இரவு 9:50

திருத்தம். 19 இல்லை, 17.

ஒரு பெண்பிள்ளையை இரண்டு வீட்டில் எழுதிவிட்டேன். அம்மாவுக்கு ஃபேக்டரியில் இரவு வேலை. அதனால் பிள்ளை வாரநாளில், அவளைப் பார்த்துக்கொள்கிற ஆயா வீட்டில் படுக்கும், சனி ஞாயிறு இரண்டு சந்து தள்ளி அம்மா வீட்டில். இரண்டு வாசலிலும் அவளுடைய சைக்கிளைப் பார்த்த ஞாபகம், இரண்டிலும் கோடு போட்டுவிட்டேன். இன்னொரு வீட்டில் நான் பிள்ளை என்று எழுதியது 19 வயதுப் பையனை. ஆறாம் படிவம் படிக்கிறான், முகம் பதினைந்து மாதிரி இருக்கும். ஐசியை (அடையாள அட்டையை) பார்க்காமல் முகத்தைப் பார்த்து எழுதினால் இப்படித்தான்.

43க்கு 17. பத்துக்கு நாலு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளான் வாசகி, 13 மார்ச் 2024, காலை 8:05

அங்கிள், நடந்து போய் எண்ணியதற்கு நன்றி. ஒரு சந்தேகம். உங்கள் வேன் தமிழ்ப்பள்ளி வேன். தமிழ்ப்பள்ளிக்குப் போகிற பிள்ளை குறைந்ததும் ஊரில் பிள்ளை குறைந்ததும் ஒன்றா? இன்னொன்று, நீங்கள் சொல்லும் தாமான் அரசுக் கணக்குப்படி கிராமப்புறமே இல்லை. நகராகப் பதிவான இடமும் அதை ஒட்டிக் கட்டப்பட்ட பகுதியும் சேர்ந்து 10,000 பேருக்குக் குறையாமல் இருந்து, 60 விழுக்காட்டினராவது விவசாயம் அல்லாத வேலை பார்த்தால் அது நகர்ப்புறம். 2020 கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் 75.1 விழுக்காடு நகர்ப்புறம் என்று வந்ததில் உங்கள் தாமானும் சேர்ந்திருக்கும்.

வேன்காரர், 13 மார்ச் 2024, பிற்பகல் 3:30

ஒன்றரை மைல் நகர்ந்ததற்கே நான் நகரவாசியா? காலையில் வாசலில் குரங்கு உட்கார்ந்திருக்கிறது, அதற்கும் சொல்லிவிடுகிறேன்.

சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும், இது யோசிக்க வேண்டிய விஷயம். லயத்தில் இருந்தவரை ஒரு குடும்பம் கிராமத்துக் குடும்பம். அதே அப்பா, அதே அம்மா, அதே மூன்று பிள்ளைகள் ரோட்டோரத்துக்கு வந்த மறுநாள் நகரத்துக் குடும்பம். வேலைக்கு அதே செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டுக்குத்தான் மோட்டாரில் போகிறார்கள். கிராமத்தில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று நாளை ஒருவர் எழுதினால், அதில் இப்படி ரோட்டைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

தமிழ்ப்பள்ளி விஷயம் சுரீர் என்றது. விசாரித்துவிட்டு எழுதுகிறேன்.

வேன்காரர், 17 மார்ச் 2024, காலை 11:20

விசாரித்தேன். சீனப் பள்ளிக்கு வேன் ஓட்டுகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். இருவரும் ஒரே கடையில்தான் தே தாரிக் குடிக்கிறோம். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவரிடம், உன் வேனில் எங்கள் தாமான் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டதில்லை. ஐந்து என்றார். மூன்று பேரின் பெயரைத் தமிழாகவே உச்சரித்தார்.

அந்த 17 வீட்டிலும் மொத்தம் 29 பிள்ளைகள். ஏழு வயதுக்குக் கீழே 6. இடைநிலைப்பள்ளி 7. மீதி 16 பேர் தொடக்கப்பள்ளி: என் வேனில் 8, சீனப் பள்ளிக்கு 5, தேசியப் பள்ளிக்கு 3. (என் வேனில் 14 என்று முதலில் எழுதினேனே, அதில் மற்ற 6 பேர் பட்டணத்துப் பக்கம்.)

அதாவது தொடக்கப்பள்ளிக்குப் போகிற பிள்ளைகளில் சரிபாதி என் கண்ணில் படாமலேயே வேறு கதவில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது. 23 வருஷமாக என் பின் சீட்டைப் பார்த்தே ஊரில் பிள்ளை இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறேன். 9ஆம் தேதி எழுதியதை அழிக்கலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், எப்படித் தப்பாக நினைத்தேன் என்றும் உங்கள் பாடத்துக்கு வேண்டியிருக்கும்.

வேன்காரர், 17 மார்ச் 2024, மாலை 6:00

எழுத மறந்தது. காலையில் சந்தைக்குப் போனேன். மேலே மலைப் பக்கத்திலிருந்து ஒராங் அஸ்லி என்கிற பூர்வகுடிக்காரர்களின் நாலு சக்கர வண்டிகள் இறங்கியிருந்தன. அவர்களில் தெமியார் இனக் குடும்பங்கள். ஒரு வண்டியின் பின்னால் மட்டும் ஏழு பிள்ளைகளை எண்ணினேன், ஒரு கையில் ஐஸ்கிரீம், ஒரு கையில் புதுச் செருப்பு. நாம் குறைவதைப் பார்த்துவிட்டு ஊரே குறைகிறது என்று பேசுகிறோம். சுங்கை சிப்புட்டின் மேற்பகுதியில் அப்படி இல்லை. உங்கள் பாடத்தில் "கிராமப்புறம்" என்று தலைப்புப் போட்டால் அவர்களை விட்டுவிடாதீர்கள். நான் விட்டுவிட்டேன்.

வேன்காரர், 10 ஏப்ரல் 2024, மாலை 5:45

நோன்புப் பெருநாள், பள்ளி லீவு. லயத்து வழியாக வந்தேன். நான் கணக்கில் தள்ளிவிட்ட அந்த 9 கதவும் திறந்திருந்தது. இந்தோனேசியர்களும் பங்களாதேஷிகளும். எல்லோரும் ஆண்கள், புதுச் சட்டை, ஆளுக்கொரு படியில் உட்கார்ந்து கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னைக் கூப்பிட்டு, திரையில் தன் மகனைக் காட்டினார். பையன் நாலைந்து வயது இருக்கும், தன் சட்டையின் பொத்தானைக் காட்டிக்கொண்டே இருந்தான். எனக்கு பிஸ்கட் கொடுத்தார்.

வெளிநாட்டுத் தொழிலாளியின் தற்காலிக வேலை பெர்மிட்டில் மனைவி மக்களை அழைத்துவர முடியாது. ஆக அந்த 9 கதவுக்குள்ளும் தகப்பன்கள் இருக்கிறார்கள், பிள்ளை இருக்கிற வீடு ஒன்றுகூட இல்லை. லயம் காலியாகிவிட்டது என்று நாம் சொல்வதில் பாதி இதுதான். கொடியில் துணி காய்கிறது, அடுப்பு எரிகிறது, முற்றத்தில் கத்த மட்டும் ஆளில்லை.

சபாவில் வேறு கதை. அங்கே தோட்டத்தில் இந்தோனேசியக் குடும்பங்கள் குடும்பமாகவே இருக்கின்றன, பிள்ளைகளும் ஏராளம். பலருக்குப் பத்திரம் இல்லாததால் அரசுப் பள்ளியில் சேர முடியாமல், தோட்டத்துக்குள்ளேயே நடக்கும் கற்றல் மையங்களில் படிக்கிறார்கள். பத்திரம் இல்லாத பிள்ளை என்றதும் எனக்கு நம்மூர்க் கதைகளும் ஞாபகம் வருகின்றன. கல்யாணத்தைப் பதியாமல் விட்டு, பிறப்புப் பத்திரத்துக்கு அலைந்த வீடுகளை நான் வேனில் ஏற்றியிருக்கிறேன். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கிள்ளான் வாசகி, 26 ஏப்ரல் 2024, இரவு 11:30

அங்கிள், அம்மா இதையெல்லாம் படித்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "ஆயாக் கொட்டாயைப் பத்தி எழுதச் சொல்லு."

வேன்காரர், 28 ஏப்ரல் 2024, இரவு 8:10

எழுதுகிறேன், நீளும்.

நான் 1966இல் பிறந்தவன். வீட்டில் எட்டுப் பேர், நான் ஐந்தாவது. விடியுமுன்னே, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணி அடிக்கும். அம்மாவும் அப்பாவும் இருட்டிலேயே கிளம்புவார்கள், இருவருமே ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். கடைக்குட்டியைத் துணியோடு சுருட்டித் தோளில் போட்டு ஆயாக் கொட்டாயில் விட்டுவிட்டு அம்மா போகும். விட்டத்திலிருந்து தொட்டில் வரிசையாகத் தொங்கும். ஒரு கயிற்றை இழுத்தால் பக்கத்துத் தொட்டிலும் சேர்ந்து ஆடும். அந்தப் பால்பவுடர் வாசமும் மூத்திர வாசமும் கலந்த ஒரு நெடி இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஆயாவுக்கு ஒரு கண் தெரியாது. ஆனால் எந்தத் தொட்டிலில் எந்தப் பிள்ளை என்று அழுகையை வைத்தே சொல்லும்.

ஏன் அப்போது வீட்டுக்கு வீடு பிள்ளைகள்? குடும்பக் கட்டுப்பாடு தெரியாத காலம் என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. ரப்பருக்கு ஆள் வேண்டும். ஒருவர் ஒரு நாளில் 500 மரம் போலத்தான் வெட்ட முடியும். புருஷன் ஒரு நெறை (மர வரிசை), பெண்சாதி ஒரு நெறை, பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் ஒட்டுப்பால், அதாவது உறைந்து ஒட்டிய ரப்பர் பால், பொறுக்க. தோட்டத்துக்குத் தேவைப்பட்டது ஆள் அல்ல, குடும்பம். குடும்பம் நிலைக்க வீடு கொடுத்தார்கள், கொட்டாய் போட்டார்கள். 1923 தொழிலாளர் சட்டத்தில் ஒரு விதி: ஏழிலிருந்து பதினாலு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் தோட்டத்தில் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும். பத்தே பிள்ளைகள்! எங்கள் லயத்தில் இரண்டு வீட்டைச் சேர்த்தாலே அந்தக் கணக்கு முடிந்துவிடும். இன்று பள்ளிக்கே மொத்தம் பத்துப் பிள்ளைகள்கூட இல்லாத தமிழ்ப்பள்ளிகள் நாட்டில் இருக்கின்றன. சுதந்திரத்தின்போது 888 தமிழ்ப்பள்ளிகள். இப்போது 530 அளவில்.

பிள்ளைகள் குறைந்தது ஒரே மூச்சில் இல்லை. நான் மூன்று வயதாக இருந்தபோது கோடிவீட்டுக் குடும்பம் போனது. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. அந்தச் சமயத்தில் சுமார் 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்பார்கள். கோடிவீட்டுக்காரர்கள் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறியதாக அம்மா சொல்லும். ஆறு பிள்ளைகள், எல்லாம் இங்கே பிறந்ததுகள். ஒரு ஆட்டுக்குட்டியை எங்கள் வீட்டில் விட்டுப் போனார்கள். அது செத்த அன்று அம்மா அழுததாம்.

அதற்கு முன்னாலேயே தோட்டத் துண்டாடல் வந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் விற்ற தோட்டங்களை வாங்கியவர்கள் துண்டு துண்டாக விற்க, வேலையும் வீடும் சேர்ந்தே போயின. 1960இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதற்காகத்தான். அவர் எங்கள் சுங்கை சிப்புட் தொகுதிக்காரர், ஆகவே அப்பா மாசம் பத்து வெள்ளி கட்டினார். அதில் பெருமை அவருக்கு.

அப்புறம் செம்பனை. குலை வெட்டுவது ஆம்பளை வேலை, அதுவும் தோள் வலு இருக்கும்வரை. பெண்களுக்கு உதிரிப் பழம் பொறுக்குவது, உரம் போடுவது, மருந்து அடிப்பது. ஒரு ஏக்கருக்கு ரப்பர் கேட்ட ஆளில் கொஞ்சம்தான் செம்பனை கேட்கும். குடும்பமாக இருக்க வேண்டிய தேவை அங்கேயே அறுந்துவிட்டது. ஆயாக் கொட்டாய் உரக் கொட்டகை ஆனது. வயது 55 ஆனால் வேலை முடிந்தது, வீட்டைத் திருப்பிக் கொடு. அப்பா கொடுத்துவிட்டு வந்தார், சாவியை ஒரு துணியில் முடிந்து. பூட்டு எங்களுடையது, அதைச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

போதும். உங்கள் அம்மா எந்தத் தோட்டம் என்று சொல்லவே இல்லையே?

வேன்காரர், 29 ஏப்ரல் 2024, காலை 7:50

ஒரு வரி: மேலே பெண்களுக்கு லேசான வேலை என்கிற மாதிரி எழுதிவிட்டேன். என் அக்கா படித்துவிட்டு, "நீ ஒரு நாள் மருந்து டப்பாவைத் தூக்கிப் பாரு" என்றது. ஒத்துக்கொள்கிறேன்.

வேன்காரர், 19 மே 2024, இரவு 10:15

பிஸ்கட் டின்னிலிருந்து பழைய 555 புத்தகங்களை எடுத்தேன். 2001 முதல் இருக்கிறது, 2006 மட்டும் கரையானுக்குப் போய்விட்டது.

முதல் நாள் "யாரும் பிள்ளை பெறுவதில்லை" என்று ஒரே அடியாக அடித்தேன் அல்லவா. புத்தகம் வேறு மாதிரி சொல்கிறது. 2004இல் 29 பிள்ளைகள், 2009இல் 18. பெரிய சரிவு அங்கேதான். 2009இல் வேனில் ஏறிய பிள்ளைகள் 1997லிருந்து 2002க்குள் பிறந்தவர்கள். அந்தக் காலத்தில் நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஏறக்குறைய 3 பிள்ளைகள். பிறப்பு அவ்வளவு மோசமாக இல்லை. அந்த ஐந்து வருஷத்தில் எங்கள் பக்கத்துக் கடைசி ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டார்கள். பெயருக்குப் பக்கத்தில் நானே எழுதி வைத்திருக்கிறேன்: "கிள்ளான்", "ஜோகூர்", "ஈப்போ", "கிள்ளான்", "கிள்ளான்". பிறக்காமல் போனதுகள் இல்லை, பிறந்து வளர்ந்து லாரியில் ஏறிப் போனதுகள். (கிள்ளான் வாசகி, உங்கள் ஊருக்குத்தான் எல்லாம் வந்திருக்கிறது.)

பிறப்பு ரொம்பவும் குறைந்தது அதற்கு அப்புறம். 1970இல் ஒரு பெண்ணுக்கு 4.9 பிள்ளைகள், 2022இல் 1.6. இந்தியர்களை மட்டும் பார்த்தால் 2022இல் 1.1. அப்பா அம்மா இருவருக்குப் பதில் இருவர் வரவே 2.1 வேண்டும். எங்கள் வீட்டிலேயே பாருங்கள்: அப்பாவுக்கு எட்டு, எனக்கு மூன்று, என் மூத்த மகளுக்கு ஒன்று. இன்னொன்று என்று கேட்டதற்கு, "வேன் காசு யார் கட்டுவா?" என்கிறாள், வேன்காரன் மகள்.

இன்னொன்று தோன்றியது. 2017இல் நாட்டில் பிறந்தது சுமார் 5 லட்சத்து 8 ஆயிரம். அவர்கள்தான் இந்த வருஷம் முதலாம் ஆண்டு. 2022இல் பிறந்தது 4 லட்சத்து 23 ஆயிரம். அவர்கள் 2029இல் வருவார்கள். 2029இல் எந்தப் பள்ளிக்கூடம் எவ்வளவு காலியாக இருக்கும் என்பதற்குப் புதிதாக ஆராய்ச்சி வேண்டாம், இப்போதே எண்ணிப் பார்த்துவிடலாம். அப்போது எனக்கு 63. வேன் அதற்குள் செத்துவிடும்.

வேன்காரர், 8 ஜூன் 2024, பிற்பகல் 1:00

வேன் காசு வசூல் செய்து முடித்தேன். இந்த முறை புத்தகத்தில் காசு கொடுத்தது யார் என்று ஒரு புதுப் பத்தி போட்டேன். இதை முன்பே செய்திருக்க வேண்டும்.

பிள்ளை உள்ள அந்த 17 வீட்டில் ஐந்து வீட்டில் அப்பாவும் இல்லை அம்மாவும் இல்லை. தாத்தா பாட்டி, சிலதில் பாட்டி மட்டும். ஒரு வீட்டுக்கு சிங்கப்பூரிலிருந்து கைப்பேசி வழியாகவே காசு வந்துவிடும், ஏழாம் தேதி காலை, ஒருநாள் தவறாது. இன்னொரு வீட்டில் பாட்டி கொடுக்கும், பாதி நோட்டு பாதி சில்லறை, மருந்து மாத்திரை வந்த பிளாஸ்டிக் பையில். எண்ணிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு நான் எண்ணும்வரை நிற்கும்.

அந்தப் பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். காலை 5:50க்கு டார்ச் லைட்டோடு வாசலில் நிற்கும். பேரனுக்கு எட்டு வயது. அரைத் தூக்கத்தில் நடந்து வருவான். காலுறை ஒன்று காலில், ஒன்று கையில். அவனை வேனில் ஏற்றிய பிறகு, சட்டைக் காலரைக் கதவு வழியாகவே கையை விட்டுச் சரிசெய்யும். அதற்கு அப்புறம்தான் கதவை மூட விடும். பாட்டிக்கு 71. முழங்கால் வலி. இருக்கிற வீட்டைப் பார்த்தால் "முதியவர் வீடு", பையனைப் பார்த்தால் "பிள்ளை உள்ள வீடு". முதியவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் பேராக்கும் ஒன்று என்று பத்திரிகையில் போடும்போதெல்லாம், அந்த முதியவர்களில் எத்தனை பேர் காலையில் எழுந்து பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். உங்கள் வீட்டில் "கிழவன் கிழவி மட்டும்தான்" என்றார்களே, கிழவியின் முந்தானைக்குப் பின்னால் யார் நிற்பது என்று பார்க்கவில்லை.

நான் மார்ச்சில் பார்த்தேனா? நானும் பார்க்கவில்லை. வீட்டைத்தான் எண்ணினேன்.

கிள்ளான் வாசகி, 7 ஜூலை 2024, மாலை 7:20

அங்கிள், இன்றைய தேதியைப் பாருங்கள். 2020 கணக்கெடுப்பின் குறிப்பு நாள் ஜூலை 7. அதில் வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் ஒருவரை எண்ண வேண்டும். சேர்ந்து வசித்து, சாப்பாட்டையும் மற்றத் தேவைகளையும் பொதுவாகப் பார்த்துக்கொள்பவர்கள் ஒரு குடும்பம், உறவாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அப்படிக் கணக்கெடுத்துத்தான் ஒரு குடும்பத்துக்குச் சராசரி 3.8 பேர் என்று வந்தது. 1980இல் 5க்கு மேல். 14 வயது வரையிலான பிள்ளைகள் 2010இல் 27.6 விழுக்காடு, 2020இல் 24. இப்போது என் கேள்வி: சைக்கிள் பெண்ணை எந்த வீட்டில் எழுதுவது?

வேன்காரர், 7 ஜூலை 2024, இரவு 9:05

வாரத்தில் ஐந்து நாள் ஆயா வீடு. ஆக ஆயா வீடு.

வேன்காரர், 7 ஜூலை 2024, இரவு 9:40

இல்லை, இருங்கள். சோறு ஆயா வீட்டில். அரிசி வாங்கித் தருவது அம்மா. பள்ளி ஆவணத்தில் அம்மா முகவரி. காய்ச்சல் வந்தால் எந்த நாளானாலும் அம்மா வீடு, நான் அங்கேதான் கொண்டுபோய் விடுவேன். சிங்கப்பூர்க் காசு வருகிற பையனுக்கும் அதே சிக்கல்: உலை கொதிப்பது இங்கே, உலை வைக்கக் காசு அங்கே. நம்ம ஆட்களிடம் போய் "உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்" என்று கேட்டால், சிங்கப்பூரில் இருக்கிற மகனையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். செத்துப்போன தாத்தாவைச் சேர்க்காமல் விட்டால் அதிசயம்.

எழுத வேண்டும் என்றால் ஆயா வீட்டிலேயே எழுதுங்கள். ஓரத்தில் ஒரு சைக்கிள் படம் போட்டு வையுங்கள்.

வேன்காரர், 1 நவம்பர் 2024, காலை 10:30

தீபாவளி அன்று எண்ணாதீர்கள். நான் எண்ணினேன். அதே 43 வீட்டில் 38இல் பிள்ளைகள். பூட்டிய வீட்டு வாசலில்கூட மத்தாப்பு. கிள்ளானிலிருந்து வந்த கார்கள் தெருவை அடைத்துவிட்டதால் என் வேனை வெளியே எடுக்க முடியவில்லை. இன்று மாலையே பாதி கிளம்பிவிடும்.

கிள்ளான் வாசகி, 2 நவம்பர் 2024, இரவு 10:00

அந்தக் கார்களில் ஒன்று எங்களுடையது. உங்கள் தாமானுக்கு அடுத்த தாமான். அம்மா காரை விட்டு இறங்கியதும் கேட்டது, "ஆயாக் கொட்டாய் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

வேன்காரர், 3 நவம்பர் 2024, காலை 6:45

அடப்பாவமே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முறுக்குக் கொடுத்திருப்பேன். கொட்டாய் இருந்த இடத்தில் இப்போது உர மூட்டை. கூரை மட்டும் பழசு, தொட்டில் கட்டின விட்டமும் இருக்கிறது. அடுத்த முறை அம்மாவைக் கூட்டி வாருங்கள், திறக்கச் சொல்கிறேன். சாவி வைத்திருப்பது எனக்கு பிஸ்கட் கொடுத்தவர்தான்.

வேன்காரர், 18 ஜனவரி 2025, பிற்பகல் 12:10

நேற்றோடு பள்ளி வருஷம் முடிந்தது. திருத்தங்கள்.

என் வேனில் 14 என்பது இனி 11. நாலு பேர் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டார்கள், ஒருவன் ஊர் மாறுகிறான், புதிதாக இரண்டு பெயர் வந்திருக்கிறது. அதில் ஒன்று கிள்ளானிலிருந்து திரும்பி வந்த குடும்பம். வாடகை கட்டி மாளவில்லையாம், லயத்துக்குப் பக்கத்தில் மாமியார் வீட்டோடு வந்துவிட்டார்கள். என் புத்தகத்தில் "கிள்ளான்" என்று எழுதி அடித்த பெயர்களில் அந்தப் பிள்ளையின் அப்பாவும் ஒருவர், 2005. அடித்ததை அடித்தபடியே விட்டு, கீழே மகன் பெயரை எழுதினேன்.

பாட்டியின் பேரன் இந்த வருஷம் முதல் அப்பாவோடு ஜோகூர் பாரு. ஆக பிள்ளை உள்ள வீடு 17இல் ஒன்று குறைந்து ஒன்று கூடி, மறுபடி 17. பாட்டி நேற்றும் டார்ச் லைட்டோடு வாசலில் நின்றது. கடைசி நாள் என்று அதற்குத் தெரியும். காலரைச் சரிசெய்ய நேரம் எடுத்தது, நான் ஹாரன் அடிக்கவில்லை.

உங்கள் பாடம் இன்னும் முடியவில்லை என்றால், பிப்ரவரி 17 பள்ளி திறப்பு. காலை 5:40க்குச் சந்தைக்கு எதிரே நில்லுங்கள். முன் சீட் காலிதான். பேனாவைக் கொண்டு வாருங்கள், என்னுடையதில் மை இல்லை.